ஊசி எண்ணிக்கை பொருந்தாதபோது: அறுவை அரங்கில் எங்கே, எந்த வரிசையில் தேடுவது

இந்தக் குறிப்பை அறுவை அரங்கில் நிற்கும் செவிலியர்களுக்கும் தொழில்நுட்பவியலாளர்களுக்கும் பயிற்சி மருத்துவர்களுக்கும் எழுதுகிறேன். கடைசிப் பகுதி நோயாளிகளுக்கும் அவர்களுடைய குடும்பத்தாருக்கும் பயன்படும். 22 ஆண்டுகள் ஸ்க்ரப் செவிலியராக (அறுவை மருத்துவருக்குக் கருவிகளை எடுத்துக் கொடுப்பவராக) நின்றதில், காயத்தை மூடும் முன் தையல் ஊசிகளை எண்ணும்போது ஓர் ஊசி குறைந்தபோதெல்லாம் பெரும்பாலும் அது உடலுக்கு வெளியேதான் கிடைத்திருக்கிறது. டிரேப்பின் (நோயாளியின்மேல் போர்த்தும் துணியின்) மடிப்பிலோ, இரத்தம் ஒற்றும் மாப்பின் இழைகளுக்குள்ளோ, யாரோ ஒருவருடைய செருப்பின் அடியிலோ அகப்பட்டுவிடும். அப்படிப் பல முறை அகப்பட்டுப் பழகியதால்தான், “எங்கேயாவது கீழே கிடக்கும் சிஸ்டர், மூடிவிடலாம்” என்ற பேச்சு அரங்கில் எளிதாக எழுகிறது. அந்தப் பேச்சுக்கு இடம் கொடுக்காமல், ஊசி உடலுக்குள் இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு, வெளியிலிருந்து உள்நோக்கித் தேடிப் போவதுதான் கீழே சொல்லப்படும் முறை. நிமிடக் கணக்கில் முடிகிற சோதனைகளை முதலிலும், செலவும் வேதனையும் கூடிய சோதனைகளைப் பின்னாலும் வைத்திருக்கிறேன்.

அறிகுறி 1: காயம் இன்னும் திறந்திருக்கிறது, எண்ணிக்கையில் ஒன்று குறைகிறது

முதல் வேலை வாய் திறந்து சொல்வது. “சார், ஒரு நீடில் குறையுது, மூட வேண்டாம்” என்று அறுவை மருத்துவருக்கும் மயக்க மருத்துவருக்கும் ஒரே நேரத்தில் கேட்கும்படி சொல்லிவிட வேண்டும். தானே ஒரு முறை தேடிப் பார்த்துவிட்டு அப்புறம் சொல்லலாம் என்று ஸ்க்ரப் செவிலியர் தயங்கும் அந்த ஐந்து நிமிடத்தில், தையல் ஓர் அடுக்கு ஏறிவிடும். குப்பைப் பை கட்டப்பட்டுவிடும். ஒருவர் கையுறையைக் கழற்றிவிட்டு வெளியே போய்விடுவார். சொன்ன கணத்திலிருந்து அரங்கத்தை விட்டு ஆளோ, அழுக்குத் துணியோ, கழிவுப் பையோ வெளியே போகக் கூடாது. நோயாளியின் இரத்த அழுத்தம் சரிந்துகொண்டிருந்தால் மட்டும் இந்த ஒழுங்கு மாறும். அப்போது உயிரைக் காப்பது முன்னால் வரும். ஊசி குறைவதை எழுதி வைத்து, நிலைமை சீரானதும் எக்ஸ்ரேயிலிருந்து தேடலைத் தொடங்க வேண்டும்.

*முதலில்: எண்ணிக்கையே தவறா?*

ஸ்க்ரப் செவிலியரும், மேசைக்கு வெளியே நின்று உதவும் சர்க்குலேட்டிங் செவிலியரும் இருவரும் கண்ணால் பார்க்க, ஒவ்வோர் ஊசியையும் தொட்டுக்காட்டி, உரக்க எண்ண வேண்டும். ஒருவர் எண்ணி மற்றவர் தலையசைப்பது எண்ணிக்கை ஆகாது. பிறகு பிரித்த தையல் உறைகள் எல்லாவற்றையும் எடுத்து வரிசையாக வைத்து, உறையின்மேல் அச்சிட்டிருக்கும் ஊசிகளின் எண்ணிக்கையைக் கூட்டிப் பார்க்க வேண்டும். பிழை அதிகமாக ஒளிந்திருக்கும் இடம் இதுதான். இரத்தக்குழாயை இணைக்கும் 6-0 என்னும் மெல்லிய பாலிபுரோப்பிலீன் நூலின் இரு முனைகளிலும் ஊசி இருக்கும். எண்ணிக்கைப் பலகையில் எழுதியவர் அதை ஒன்றாகக் குறித்திருப்பார். இழுத்தால் நூலிலிருந்து கழன்றுவிடும் வகையில், ஒரே உறையில் பல ஊசிகள் வரும்; அதிலும் இதே தவறு நேரும். உறைகளை அறுவை முடியும் வரை தனிப் பாத்திரத்தில் சேர்த்து வைக்கும் பழக்கம் இல்லாத அரங்கத்தில் இந்தச் சோதனையைச் செய்யவே முடியாது. ஆகவே, இன்று ஊசி குறையாவிட்டாலும் அந்தப் பழக்கத்தை நாளையே தொடங்கிவிடுங்கள்.

ஊசிகளை வைக்கும் நுரைப் பெட்டியில் ஒரே கட்டத்துக்குள் இரண்டு ஊசிகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். மரத்துப்போக மருந்து போட்ட சிரிஞ்சின் ஊசியை ஒருவர் கணக்கில் சேர்த்திருப்பார், மற்றவர் சேர்த்திருக்க மாட்டார். அறுவையின் நடுவே பணி மாறியிருந்தால், மாறிப் போனவரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்பதில் கூச்சம் தேவையில்லை. நான் ஒரு முறை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு இப்படி ஓர் அழைப்பு வந்தது. மேசையைத் தாண்டி உதவி மருத்துவரிடம் கொடுத்த ஊசியை அவர் தன் பக்கத்து டிரேப்பில் குத்தி வைத்ததைச் சொன்னேன். ஊசி அங்கேயே இருந்தது.

*எண்ணிக்கை சரி, ஊசிதான் இல்லை*

இனித் தேடலை இடம் பிரித்துச் செய்ய வேண்டும். நான்கு பேரும் ஒரே இடத்தைப் பார்த்துவிட்டு நான்கு பேரும் இல்லை என்று சொல்வதால் பயன் இல்லை. ஸ்க்ரப் செவிலியர் மேசையையும் கருவிகளையும் பார்ப்பார். ஊசியைப் பிடிக்கும் நீடில் ஹோல்டரின் வாய்க்குள்ளும் பிடியின் மடிப்பிலும், கிட்னி டிரேயின் அடியிலும், டையதெர்மி (மின்சூட்டால் இரத்தக்கசிவை நிறுத்தும் கருவி) முனையைச் சுரண்டும் அட்டையின் ஓரத்திலும் ஊசி ஒட்டிக்கொண்டிருக்கும். அறுவை மருத்துவரும் உதவியாளரும் தங்கள் முழங்கைக்குக் கீழுள்ள டிரேப்பின் மடிப்புகளையும், டையதெர்மிப் பென்சிலைச் செருகும் பையையும், தங்கள் கவுனின் முன்பக்கத்தையும் பார்ப்பார்கள். ஒட்டும் டிரேப் போட்டிருந்தால் அதன் ஓரத்து மடிப்பு மிகவும் சந்தேகத்துக்குரிய இடம். சர்க்குலேட்டிங் செவிலியர் பயன்படுத்திய மாப்புகளையும் காஸ்களையும் ஒவ்வொன்றாக விரித்துப் பார்ப்பார். அதைக் கையால் பிசைந்து பார்க்காமல், இரண்டு ஃபோர்செப்ஸால் விரித்துப் பார்க்க வேண்டும். ஊசியைத் தேடப் போய்க் கையில் குத்திக்கொண்டு இரத்தப் பரிசோதனைக்கு நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். தொழில்நுட்பவியலாளர் தரையையும், மேசையின் சக்கரங்களையும், எல்லோருடைய செருப்பின் அடிப்பக்கத்தையும் பார்ப்பார்.

தரையில் தேடக் காந்தக் கோல் இருந்தால், முதலில் அதே வகையான இன்னோர் ஊசியை அதில் ஒட்டவைத்துப் பாருங்கள். எல்லா ஊசியும் காந்தத்தில் ஒட்டுவதில்லை. இதயம், இரத்தக்குழாய் அறுவைக்கான சில ஊசிகள் டங்ஸ்டன்–ரீனியம் உலோகக் கலவையால் ஆனவை. ஒட்டாத ஊசியைக் காந்தத்தால் தேடிவிட்டுத் தரையில் இல்லை என்று முடிவு செய்வது, தேடாமல் இருப்பதைவிடத் தவறானது. அடுத்து, சக்ஷன் (உறிஞ்சு கருவி) ஜாடியில் சேர்ந்த திரவத்தை வடிகட்டிப் பார்க்க வேண்டும். சிறிய ஊசி சக்ஷன் முனையின் உள்ளே சிக்கியிருக்கலாம். குழாயையும் தனியே கழற்றிப் பாருங்கள். கூர்ப்பொருள்களுக்கான வெள்ளைப் பெட்டியில் எவராவது போட்டிருக்கக்கூடும் என்றால், அந்தப் பெட்டியையே எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கலாம். அதைத் தரையில் கொட்டித் தேடாதீர்கள்.

*வெளியே எங்கும் இல்லை*

இப்போது காயம். இதை அறுவை மருத்துவர்தான் செய்ய வேண்டும். வேறு எவரும் கை வைக்கக் கூடாது. முதலில் கண், பிறகு கை. விளக்கைத் திருப்பி, காயத்தை விரித்துப் பிடிக்கும் ரிட்ராக்டரை இடம் மாற்றி, கடைசியாகத் தைத்த இடத்திலிருந்து தொடங்கி, வயிறு என்றால் நான்கு பகுதிகளையும் இடுப்புக்குழியையும் வரிசையாகப் பார்க்க வேண்டும். பார்க்கும் முன்பே உப்புநீர் ஊற்றிக் கழுவிவிட்டால், மேலாக இருந்த ஊசி குடல் மடிப்புகளுக்கு நடுவே இறங்கிவிடும். வெறுமனே விரலை விட்டுத் துழாவினால் குடலில் குத்து விழும். கொழுப்பு அடுக்கில் தொலைந்த ஊசி, வயிற்றுக்குள் தொலைந்த ஊசியைவிடக் கண்டுபிடிக்கச் சிரமமானது என்பது என் அனுபவம்; உடல் பருத்தவர்களிடம் அந்த அடுக்கைப் பொறுமையாக விரித்துப் பார்க்க வேண்டும்.

*காயத்திலும் தென்படவில்லை: எக்ஸ்ரேக்குச் சொல்லியனுப்பும் நேரம்*

நோயாளி இன்னும் மயக்கத்தில் மேசைமீது இருக்கும்போதே எக்ஸ்ரே எடுக்க வேண்டும். மீட்பு அறைக்குப் போன பிறகு எடுத்த எக்ஸ்ரேயில் ஊசி தெரிந்தால், மறுபடியும் மயக்கம், மறுபடியும் அறுவை என்று ஆகிவிடும். எக்ஸ்ரே கேட்கும் சீட்டில் “வயிறு, ஏ.பி.” (முன்னிருந்து பின்னாக எடுக்கும் படம்) என்று மட்டும் எழுதினால் போதாது. காணாமற்போனது ஊசி, அதன் நீளம் இத்தனை மி.மீ., வடிவம் அரைவட்டம், கடைசியாகப் பார்த்தது இந்த இடத்தில் என்று எழுத வேண்டும். என்ன தேடுகிறோம் என்று தெரியாத கண்ணுக்கு, விலா எலும்பின் விளிம்போடு ஒட்டிக் கிடக்கும் 26 மி.மீ. ஊசி தெரியாமலே போகும். கதிரியக்க மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்து, நோயாளி மேசையில் காத்திருக்கிறார் என்று நேரடியாகச் சொல்லுங்கள்.

எடுக்கும் விதத்தில் நான்கு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். அறுவை நடந்த இடம் முழுவதும் படத்துக்குள் வர வேண்டும். பெரிய வயிறு 14×17 அங்குலத் தகடு ஒன்றுக்குள் அடங்காது, உதரவிதானத்துக்கு ஒன்றும் இடுப்புக்கு ஒன்றுமாக இரண்டு தேவைப்படும். ரிட்ராக்டர், கிளாம்ப் போன்ற எடுக்கக்கூடிய உலோகங்களை எடுத்துவிட வேண்டும். ஒரு கோணத்தில் ஊசி முனை நோக்கி நின்றால் வெறும் புள்ளியாகத்தான் தெரியும், ஆகவே பக்கவாட்டிலோ சாய்வாகவோ இரண்டாவது படம் கட்டாயம் வேண்டும். தொலைந்ததைப் போன்ற இன்னோர் ஊசியைத் தகட்டின் மூலையில், உடலுக்கு வெளியே, டேப் வைத்து ஒட்டி எடுத்தால் எதைத் தேடுகிறோம் என்று கண்ணுக்குப் பிடிபடும். அந்த மாதிரி ஊசியையும் எண்ணிக்கையில் எழுதிவிடுங்கள். அது தொலைந்து இன்னொரு தேடல் தொடங்கிய கதையும் உண்டு.

பல மருத்துவமனைகளில் கைக்கு எட்டுவது சி-ஆர்ம் என்னும் நகர்த்தக்கூடிய எக்ஸ்ரே கருவிதான். தொலைந்தது 40 மி.மீ. ஊசியாக இருந்தால் அது போதும். சி-ஆர்மின் படம் தகட்டு எக்ஸ்ரே அளவுக்குத் துல்லியமானதன்று என்பதால், சிறிய ஊசிக்கு “சி-ஆர்மில் பார்த்தோம், இல்லை” என்பதை விடையாக ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

அறிகுறி 2: எண்ணிக்கையில் ஒன்று கூடுகிறது

குறைந்தால் பதறுகிறவர்கள் கூடினால் நிம்மதி அடைகிறார்கள். இது பெரிய தவறு. கூடுகிறது என்றால் தொடக்க எண்ணிக்கையோ நடுவில் சேர்த்த எண்ணிக்கையோ பிழையானது என்று பொருள். பிழையான அடிப்படையின்மேல் எத்தனை முறை எண்ணினாலும் ஓர் ஊசி குறைந்திருப்பது வெளியே தெரியாது. இரண்டு ஊசி கொண்ட நூலை ஒன்றாக எழுதியிருந்தால், உள்ளே ஓர் ஊசி தங்கியிருக்கும்போதே எண்ணிக்கை “சரி” என்று வந்துவிடும்.

உறைகளைக் கூட்டிப் பாருங்கள். முந்தைய அறுவையின் ஊசி நுரைப் பெட்டியிலோ டிரேயிலோ தங்கிவிட்டதா என்று பாருங்கள். அப்படியானால் அந்த முந்தைய நோயாளியின் கணக்கையும் திறந்து பார்க்க வேண்டியிருக்கும். உறைகளும் ஊசிகளும் எந்த வழியிலும் பொருந்தாவிட்டால் அதைக் குறைவாகவே கருதி, எக்ஸ்ரே வரை போக வேண்டும்.

அறிகுறி 3: ஊசி கிடைத்துவிட்டது, ஆனால் முழுதாக இல்லை

எண்ணிக்கையில் ஒன்று என்று சேர்ந்துவிடுவதால், முனை உடைந்த ஊசி எளிதாகக் கடந்துபோகும். ஊசியைத் திரும்ப வாங்கும் ஒவ்வொரு முறையும் முனையையும் நூல் சேரும் அடியையும் பார்க்கும் பழக்கம்தான் இதற்கு மருந்து. மார்பெலும்பு, இடுப்பெலும்பு, தழும்பேறிய தசை ஆகியவற்றில் தைக்கும்போதும், நீடில் ஹோல்டரால் ஊசியை முனையிலோ அடியிலோ பிடித்துத் திருகும்போதும் உடைவது அதிகம். மாவட்ட மருத்துவமனைகளில் நான் அதிகமாகப் பார்த்தது, பிரசவ அறையில் எபிசியாட்டமி (பிரசவத்துக்காகப் பிறப்புவாயில் போடும் வெட்டு) தைக்கும்போது உடைந்தவற்றைத்தான். விளக்கு போதாது; தாய் வலியில் அசைவார்; தைப்பவர் இளையவராக இருப்பார்.

உடைந்தது தெரிந்த நொடியில் தைப்பவர் கையை எடுக்காமல், அந்த இடத்தைத் தளராமல் அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். தாயிடம் கால்களை அசைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். தசை அசைய அசையத் துண்டு ஆழத்துக்கு நகரும். கிடைத்த பகுதியைப் புதிய ஊசி ஒன்றின் பக்கத்தில் வைத்து அளந்தால், உள்ளே இருப்பது எத்தனை மி.மீ. என்று தெரியும். முனை வெளியே தெரிந்தால் கிளாம்பால் பிடித்து எடுத்துவிடலாம். தெரியாவிட்டால், பிரசவ அறையில் காயத்தைப் பெரிதாக்கித் துழாவாதீர்கள். மூத்த மகப்பேறு மருத்துவரை அழைத்து, அறுவை அரங்கில், தகுந்த மயக்கத்துடன், சி-ஆர்மின் துணையோடு எடுக்க வேண்டியது அது. முக்கால் மணி நேரம் துழாவிய பிறகு அழைத்தால், வருகிறவருக்கு வீங்கிய, இரத்தம் கட்டிய தசைதான் கிடைக்கும்.

பல் மருத்துவத்தில் கீழ்த்தாடைக்கு மரத்துப்போகும் ஊசி போடும்போது உடைவதும் இதைச் சேர்ந்ததே. மெல்லிய 30 கேஜ் ஊசி, அடிக்குமிழ் வரை உள்ளே இறக்கிய நிலையில், குமிழ் ஒட்டும் இடத்தில் முறிகிறது. முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் உடனே பிடித்து எடுக்கலாம். இல்லாவிட்டால் நோயாளியிடம் நடந்ததைச் சொல்லி, முகத்தாடை அறுவை மருத்துவரிடம் அன்றைக்கே அனுப்ப வேண்டும்.

அறிகுறி 4: லேப்ராஸ்கோப்பியில் (சிறு துளைகள் வழியாகக் கேமரா விட்டுச் செய்யும் அறுவையில்) ஊசி திரையை விட்டு மறைந்துவிட்டது

இங்கே முதல் கட்டளை அசையாதிருப்பது. கேமராவைப் பின்னுக்கு இழுக்காதீர்கள், மேசையின் சாய்வை மாற்றாதீர்கள், குடலை நகர்த்தாதீர்கள். ஊசி கடைசியாகத் தெரிந்த இடத்தையே கேமரா பார்த்துக்கொண்டிருக்க, பதிவு ஓடிக்கொண்டிருந்தால் அதைப் பின்னோக்கி ஓட்டிப் பார்க்க வேண்டும். கையிலிருந்து நழுவியது எந்தப் பக்கம் என்று அதிலேயே பல முறை தெரிந்துவிடும்.

அடுத்து டிராகார், அதாவது கருவிகள் உள்ளே போகும் குழாய். வெளியே எடுக்கும்போது ஊசி வால்வில் சிக்கி நின்றிருக்கலாம். வால்வைக் கழற்றிப் பார்க்க வேண்டும். வயிற்றுச் சுவரில் டிராகார் போன வழியும் ஊசி தங்கும் இடம்தான். உள்ளிருந்து பார்த்தாலும் வெளியிலிருந்து பார்த்தாலும் கண்ணுக்குத் தெரியாத இடம் அது. இவை இரண்டிலும் இல்லை என்றால், மேசை எந்தப் பக்கம் சாய்ந்திருந்ததோ அந்தப் பக்கத்திலிருந்து தொடங்கி, கல்லீரலைச் சுற்றியும், பெருங்குடலின் இரு ஓரப் பள்ளங்களிலும், ஓமென்டத்தின் (குடலை மூடும் கொழுப்புத் திரையின்) மேலும், இடுப்புக்குழியிலும் தேட வேண்டும். பத்துப் பதினைந்து நிமிடத்தில் கிடைக்காவிட்டால் சி-ஆர்மைக் கொண்டுவாருங்கள். ஒரு கருவியின் முனையைத் திரையில் அடையாளமாக வைத்துக்கொண்டு, ஊசி அதிலிருந்து எந்தத் திசையில் இருக்கிறது என்று இரண்டு கோணங்களில் பார்த்தால் இடம் பிடிபடும். வயிற்றைத் திறந்து தேடுவது கடைசி வழி. அதை அறுவை மருத்துவர் தனியாக முடிவெடுக்காமல் இன்னொரு மூத்தவரையும் அழைத்துக் கலந்துகொள்வது நல்லது. தேடலில் களைத்த கண்ணுக்குத் தெரியாதது புதிதாக வந்த கண்ணுக்குத் தெரியும்.

தொலையாமல் இருக்க வேண்டுமென்றால், ஊசியை உள்ளே விடுவதும் வெளியே எடுப்பதும் கேமரா பார்த்துக்கொண்டிருக்கும்போதே நடக்க வேண்டும். வெளியே எடுக்கையில் ஊசியைப் பிடிக்காமல், ஊசிக்குச் சற்றுத் தள்ளி நூலைப் பிடித்து இழுக்க வேண்டும்.

அறிகுறி 5: எக்ஸ்ரேயில் இல்லை, எண்ணிக்கை இன்னும் குறைகிறது

ஊசியின் நீளத்தைப் பொறுத்து வழி இரண்டாகப் பிரிகிறது.

*10 மி.மீ.க்கு மேற்பட்ட ஊசி:* நல்ல எக்ஸ்ரேயில் இது பெரும்பாலும் தெரிந்துவிடும். இரண்டு கோணங்களிலும் படம் தெளிவாக இருந்து, அறுவை இடம் முழுவதும் அதில் அடங்கி, கதிரியக்க மருத்துவரும் பார்த்து இல்லை என்று சொல்லிவிட்டால், ஊசி உடலுக்குள் இல்லை என்று முடிவெடுத்து மூடலாம். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் படத்தை மறுபடி எடுக்க வேண்டும்.

*10 மி.மீ.க்குக் குறைந்த ஊசி:* நீளம் குறையக் குறைய எக்ஸ்ரே தவறவிடும் வாய்ப்பு ஏறிக்கொண்டே போகிறது. நுண்ணிய இரத்தக்குழாய்களுக்கும் கண்ணுக்கும் பயன்படும் 8-0, 10-0 என்னும் மிக மெல்லிய நூல்களின் ஊசிகள் இந்த வகை. படத்தில் தெரியவில்லை என்பதால் இல்லை என்று சொல்ல முடியாது. நுண்ணோக்கியின் கீழ் நடக்கும் அறுவை என்றால் அந்த நுண்ணோக்கியாலேயே களம் முழுவதையும் பார்ப்பதுதான் மேலான வழி. அதற்கு மேலும் கிடைக்காதபோது, காயத்தை மேலும் விரித்துத் தேடுவதால் வரும் கேடு பெரிதா, அவ்வளவு சிறிய ஊசி தங்கிவிடுவதால் வரும் கேடு பெரிதா என்று அறுவை மருத்துவர் எடைபோட வேண்டும். தேடலை நிறுத்துவதே சரியென்று அவர் முடிவெடுக்கும் நேரமும் உண்டு. அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த முடிவு அறுவைக் குறிப்பில் இருக்க வேண்டும்: எந்த வகை ஊசி, எத்தனை மி.மீ., எங்கெல்லாம் தேடினோம், எத்தனை படம் எடுத்தோம், யார் பார்த்தார்கள், ஏன் நிறுத்தினோம். நோயாளி விழித்துத் தெளிந்த பிறகு அறுவை மருத்துவரே போய்ச் சொல்ல வேண்டும். செவிலியர் மூலமாகவோ டிஸ்சார்ஜ் சீட்டின் ஒரு வரியிலோ சொல்லிவிடக் கூடாது.

அறிகுறி 6: எக்ஸ்ரேயில் தெரிகிறது, கைக்கு அகப்படவில்லை

முதலில், அது உடலுக்குள்தானா? நோயாளியின் முதுகுக்கும் மெத்தைக்கும் நடுவிலும், டிரேப்பின் மடிப்பிலும் கிடக்கும் ஊசி, மேலிருந்து எடுத்த படத்தில் வயிற்றின் நடுவில் இருப்பதைப் போலவே தெரியும். பக்கவாட்டுப் படம் இதை உடனே தீர்த்துவிடும். வயிற்றைத் தேடித் தேடிச் சோர்ந்த பிறகு, மெத்தை விரிப்பில் ஒட்டியிருந்த ஊசியை எடுத்த ஓர் அவசர அறுவை எனக்கு மறக்காது. பக்கவாட்டுப் படம் எடுக்க அந்த இரவில் எவருக்கும் தோன்றவில்லை.

உள்ளேதான் என்று உறுதியானால், காயத்தின் ஓரத்தில் இரண்டு கிளாம்புகளை அடையாளமாக வைத்து மறுபடி படம் எடுத்து, ஊசி அவற்றிலிருந்து எவ்வளவு தூரத்தில், எந்த ஆழத்தில் என்று கணித்துத் தேட வேண்டும். பெரிய நாளத்துக்கோ நரம்புக்கோ அருகில் என்றால் அந்தத் துறை மருத்துவரை அழைக்கும் நேரம் அதுதான்.

அறிகுறி 7: எண்ணிக்கை சரி என்று எழுதியிருக்கிறது, மாதங்கள் கழித்து நோயாளி வருகிறார்

அமெரிக்காவில் 2003-இல் வெளியான ஆய்வு ஒன்று, அறுவைக்குப் பின் உடலுக்குள் பொருள் தங்கிவிட்ட 54 பேரின் ஆவணங்களை ஆராய்ந்தது. எண்ணிக்கை நடந்திருந்த நிகழ்வுகளில் 88 விழுக்காட்டில் அது “சரி” என்றே முடிந்திருந்தது. அவசர அறுவையில் இந்த ஆபத்து ஒன்பது மடங்கும், நடுவில் திட்டம் மாறிய அறுவையில் நான்கு மடங்கும் கூடியிருந்ததையும் அதே ஆய்வு கண்டது. ஆகவே பழைய தாளில் “சரி” என்று இருப்பதை வைத்து நோயாளியின் வாயை அடைக்காதீர்கள்.

தழும்பைச் சுற்றி வலி என்றால் எளிய காரணங்கள்தான் முதலில் நினைவுக்கு வர வேண்டும். கரையாத தையல் முடிச்சைச் சுற்றிய கட்டி, தழும்பில் சிக்கிய நரம்பு, குடலிறக்கம், சீழ்க்கட்டி ஆகியவை ஊசியைவிட மிகவும் அதிகம். ஊசியைச் சந்தேகிக்க வைப்பவை வேறு: குறிப்பிட்ட ஒரு விதமாக உட்காரும்போதோ குனியும்போதோ ஒரே புள்ளியில் குத்துவது, ஆறி ஆறி மறுபடி திறந்து கசியும் சிறு துளை, தோலின் அடியில் விரலுக்குத் தட்டுப்படும் கூர்மை. தங்கிய ஊசிகள் பல எந்தத் தொந்தரவும் தராமலே இருந்து, வேறு எதற்கோ எடுத்த எக்ஸ்ரேயில் தற்செயலாகத் தெரியவருவதும் உண்டு.

சோதனை எக்ஸ்ரேயில் தொடங்க வேண்டும். வலிக்கும் புள்ளியின்மேல் ஒரு காகிதக் கிளிப்பை டேப் வைத்து ஒட்டி, இரண்டு கோணங்களில் எடுக்கச் சொல்லுங்கள். கர்ப்பமாக இருக்கும் வாய்ப்பு உண்டென்றால் எடுக்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். தோலுக்கு அருகில் என்றால் அல்ட்ராசவுண்டிலேயே தெரியும். எடுப்பதென்று முடிவான பிறகுதான் சி.டி. ஸ்கேன் தேவைப்படும், ஆழமும் அண்டை உறுப்புகளும் அதில் துல்லியமாகத் தெரியும். படத்தில் தெரியும் உலோகம் எல்லாம் மறந்துவிட்ட ஊசி அன்று: குடும்பக் கட்டுப்பாட்டு அறுவையின் கிளிப், பித்தப்பை அறுவையின் கிளிப், மார்பெலும்பைக் கட்டிய கம்பி ஆகியவை வேண்டுமென்றே வைக்கப்பட்டவை. மலேசியாவில் பல் எக்ஸ்ரே எடுக்கும்போது முகத்தில் வரிசையாகத் தெரியும் மெல்லிய ஊசிகள், சூசுக் என்னும் வழக்கப்படி அழகுக்காகவும் காப்புக்காகவும் தோலுக்குள் செலுத்தப்பட்டவையாக இருக்கும்.

ஊசி உறுதியானால், அதை எடுத்தே தீர வேண்டும் என்பதில்லை. தழும்புக்குள் அசையாமல், தொந்தரவின்றி இருக்கும் சிறு ஊசியை விட்டுவைத்துக் கண்காணிக்கலாம். இரத்தக்குழாய், நரம்பு, மூட்டு, குடல், கண் ஆகியவற்றின் அருகில் இருப்பதையும், இடம் நகர்வதையும், சீழ் வைப்பதையும் எடுக்க வேண்டும். எடுப்பது அறுவை அரங்கில், சி-ஆர்ம் இருக்கும் இடத்தில் நடக்க வேண்டும். மேலாகத்தான் இருக்கிறது, கிளினிக்கிலேயே கீறி எடுத்துவிடலாம் என்று எவர் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். காய்ச்சல், வயிறு உப்பி வாந்தி, சிறுநீரிலோ மலத்திலோ இரத்தம், மூச்சுத்திணறல் இவற்றில் ஒன்று சேர்ந்திருந்தால் மேற்சொன்ன வரிசை எதற்கும் காத்திராமல் அன்றைக்கே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும்.

ஆவணங்களைக் கேட்பது நோயாளியின் உரிமை. இந்திய மருத்துவக் கழகத்தின் 2002-ஆம் ஆண்டு ஒழுக்க விதிகளின்படி, எழுத்தில் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைத் தர வேண்டும். அறுவைக் குறிப்பையும் எண்ணிக்கைத் தாளையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். ஔரங்காபாத் அரசு மருத்துவமனையில் 1963-இல் கருத்தடை அறுவையின்போது ஒரு பெண்ணின் வயிற்றுக்குள் துணி விடப்பட்டு அவர் இறந்த வழக்கில், 1996-இல் உச்ச நீதிமன்றம் அப்படி விட்டுவிடுவதே கவனக்குறைவுக்குச் சான்று என்று ஏற்று, அரசைப் பொறுப்பாக்கியது. அந்தத் தீர்ப்பைக் காட்டி எவரையும் அச்சுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. கேட்கத் தயங்கும் குடும்பங்கள் தயங்காமல் கேட்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

ஊசி உள்ளே இருப்பது தெரிந்த அல்லது சந்தேகிக்கப்படும் எவரும், பின்னாளில் எந்த நோய்க்காக எம்.ஆர்.ஐ. எடுக்கப் போனாலும், அறைக்குள் நுழையும் முன் அதைச் சொல்ல வேண்டும். காந்தத்தில் ஒட்டும் எஃகு ஊசி, கண்ணுக்கோ இரத்தக்குழாய்க்கோ அருகில் இருந்தால், அந்த இயந்திரத்துக்குள் இடம் பெயரக்கூடும். ஊசி தெரியும் எக்ஸ்ரே படத்தின் நகலை வீட்டுக் கோப்பில் வையுங்கள். டிஸ்சார்ஜ் சீட்டிலும் அந்த வரியை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.